அழிக்கப்பட்ட நாற்பத்தாறு பேர்

— கையெழுத்துப் போடுங்கன்னா போடணும் கண்டக்டரே. கண்ணாடியைத் தொடைக்கறீங்க, பேனாவை உதறறீங்க, வெளியே எட்டி எட்டிப் பார்க்கறீங்க. என்ன, சொத்தையா எழுதி வாங்கறேன் உங்ககிட்ட?

— ரைட்டு மேடம், போடறேன். பஸ்ஸுல இருபத்திரெண்டு வருஷம் டிக்கெட் கிழிச்சவன். எதுல கையெழுத்துப் போடறோம்னு படிச்சுட்டுப் போடற கெட்ட பழக்கம் ஒண்ணு இருக்கு. படிக்கட்டா?

— படிங்க. மைக் வெச்சுப் படிக்க வேணாம்.

— "கிழக்கு வாசலின் பருவகாலக் கணக்கெடுப்பாளராகிய நான், வருகையாளர் பதிவேட்டில் நாற்பத்தாறு வரிகளைத் தவறுதலாகத் திரும்பத் திரும்ப எழுதிவிட்டேன் என்று ஒப்புக்கொள்கிறேன்." ஆஹா. இந்த "ஆகிய நான்"ங்கறது யாரு மேடம்? நானா?

— வேற யாரு? தேசியப் பூங்காவோட இந்தத் தகரக் கூண்டுல உட்கார்ந்து, போறவங்க வர்றவங்களை எண்ணறதுக்கு மூணு மாசத்துக்கு எடுத்த ஆள் நீங்க ஒருத்தர்தான்.

— எண்ணினேனே மேடம். விரல் தேயத் தேய எண்ணினேன்.

— எண்ணினீங்களா, எழுதினீங்களாங்கறதுதான் கேள்வி. தலைமை ஆபீஸ்ல கம்ப்யூட்டர் இந்த வரிங்களை எல்லாம் சிவப்புல காட்டுச்சு. பாருங்க. ஆண். தனியா. வயசு அம்பதுலேர்ந்து அறுபது. உள்ளே ஒம்பது நாப்பது, வெளியே அஞ்சு பத்து. மறுநாள்? ஆண், தனியா, அம்பதுலேர்ந்து அறுபது, ஒம்பது நாப்பது, அஞ்சு பத்து. அதுக்கு மறுநாள் நீங்களே சொல்லுங்க பார்க்கலாம்.

— ஆண், தனியா, அம்பதுலேர்ந்து அறுபது...

— மனப்பாடமே ஆயிடுச்சு பாருங்க. இப்படி நாப்பத்தேழு நாள். ஒருத்தன் இவ்வளவு ஒழுங்கா வந்து போனா அவனுக்குப் பேரு வருகையாளர் இல்ல, சூரியன்.

— சூரியன்கூட மழைன்னா லீவு போட்டுடுவார் மேடம். இவர் குடை பிடிச்சுக்கிட்டு வந்தார்.

— முதல் நாள் யாரோ ஒருத்தர் நிஜமாவே வந்திருப்பார். அதை மட்டும் விட்டு வெச்சேன். மீதி நாப்பத்தாறும் நகல்னு அழிச்சாச்சு. நேத்து எழுதினதைப் பார்த்து இன்னைக்கு எழுதறது! பரீட்சையில காப்பி அடிக்கறவங்களாவது ரெண்டு எழுத்தை மாத்திப் போடுவாங்க.

— காப்பி அடிக்கறவன்தான் மேடம் மாத்துவான். கண்ணால பார்த்து எழுதறவன் எதுக்கு மாத்தணும்?

— சுருக்கமாப் பேசுங்க.

— ரைட்டு. ஆள் நிஜம். சுருக்கமாப் பேசிட்டேன்.

— பேரு?

— பேரு கேட்கக் கூடாதுன்னு நீங்கதானே மேடம் பயிற்சியில சொன்னீங்க. நானா வெச்ச பேரு பாஸ்காரர். மாசப் பாஸ் எடுத்தவர் மாதிரி தினம் அதே நேரம், அதே நடை. ஞாயித்துக்கிழமை மட்டும் வரமாட்டார்.

— உங்க கற்பனை ஆளுக்கு வார விடுமுறை வேற கொடுத்திருக்கீங்க. நல்ல முதலாளி.

— குறிப்புக் கட்டத்துல எழுதியிருக்கேனே மேடம். "பாஸ்காரர். பளபளன்னு ஷூ. கையில சாப்பாட்டுப் பை. எதிரே வந்தவருக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்னார்." படிக்கலையா?

— குறிப்புக் கட்டத்துக்குக் கம்ப்யூட்டர்ல இடம் கிடையாது.

— அதானே. தலைக்கு இடம் இருக்கு, முகத்துக்கு இடம் இல்ல.

— மெஷின் என்ன சொல்லுது? யார் குறுக்கே போனாலும் எண்ணும்னு வாசல் கம்பத்துல ஒளிக்கண் மெஷின் ஒண்ணு மாட்டிக் கொடுத்தோமே. அதைக் காட்டுங்க, சண்டையே வேணாம்.

— எண்ணுச்சு மேடம், ஏன் எண்ணலை? முதல் வாரம் ஒரே ஒரு நாயை முப்பத்தொரு பேர்னு எண்ணுச்சு. ரெண்டாவது வாரம் காத்துல கிளை ஆடுச்சு, பள்ளிக்கூடச் சுற்றுலா வந்திருக்குன்னு நினைச்சுடுச்சு. மூணாவது வாரம் படுத்துடுச்சு. ரிப்பேர் பண்ணுங்கன்னு மூணு தடவை எழுதிப் போட்டேன். மூணு கடுதாசியும் ஒரே மாதிரி இருக்குன்னு அழிச்சுட்டீங்களோ என்னமோ.

— வாய் மட்டும் ரிப்பேர் இல்லாம ஓடுது. கண்டக்டரே, உங்க மேல எனக்கு ஒரு பகையும் இல்ல. கணக்கு சரியா இருக்கணும், அவ்வளவுதான்.

— கணக்கு சரியானா என்ன ஆகும் மேடம்?

— சீசனுக்கு மொத்தம் ஆயிரத்து இருநூத்தி முப்பத்தொண்ணுன்னு நீங்க எழுதியிருக்கீங்க. அதுல நாப்பத்தாறு போனா ஆயிரத்து நூத்தி எண்பத்தஞ்சு. இன்னைக்குக் கடைசி நாள். எத்தனை பேர் வந்தாங்க?

— பாஸ்காரரையும் சேர்த்து மூணு.

— அந்த மூணையும் போட்டாலும் கரை சேராது. ஆயிரத்து இருநூறு பேருக்குக் குறைஞ்சா அந்த வாசலை மூடணும்னு விதி. நான் எழுதின விதி இல்ல.

— வாசலை மூடினா மேலே டவர்ல இருக்கற வாட்ச்மேன்?

— வேற எங்கயாவது போடுவாங்க.

— நான்?

— நீங்க பருவகாலம்தானே.

— ஆமா மேடம், மாம்பழம் மாதிரி. மூணு மாசம் இந்தக் கூண்டு, மீதி ஒம்பது மாசம் மச்சினன் வீட்டு வாசல். அங்கேயும் தினம் ஒரு தலையை எண்ணறாங்க. அது என் தலை. முன்னே டிக்கெட் மெஷின் வந்து என்னைப் பஸ்ஸுலேர்ந்து இறக்கி விட்டுச்சு. இப்ப உங்க மெஷின் என் பயணியையே இறக்கி விடுது.

— உருக்கமா இருக்கு. சுருக்கமாவும் இருந்திருக்கலாம்.

— சரி, ஒண்ணு கேட்கறேன். மணி இப்ப நாலரை. அஞ்சு பத்துக்கு அவர் இந்த வாசல் வழியாத்தான் வெளியே வருவார். நாப்பது நிமிஷம் உட்காருங்க. வரலைன்னா அந்தப் பேப்பர்ல நாப்பத்தாறு கையெழுத்துப் போடறேன், வரிக்கு ஒண்ணு.

— நான் அஞ்சு மணிக்குக் கிளம்பணும். இங்கே உட்காரவும் முடியாது. இந்த ஸ்டூலுக்கு மூணரைக் கால்தான் இருக்கு.

— ஆடும், விழாது. என்னைத் தாங்குது, உங்களைத் தாங்காதா? அதுவரைக்கும் நம்பிக்கை வர்றதுக்கு வாக்கிடாக்கி இருக்கு, டவரைக் கேளுங்க. ஹலோ டவர், ஹலோ டவர், கீழ்வாசல் பேசறேன்.

— டவர் பேசறேன். அதாவது, கேட்குது, ஓவர்.

— வாட்ச்மேன், தலைமை ஆபீஸ்லேர்ந்து கணக்கு மேடம் வந்திருக்காங்கப்பா. பாஸ்காரர்னு ஒருத்தர் உலகத்துலயே இல்லைங்கறாங்க.

— அய்யோ, ஏன் அப்படிச் சொல்றாங்க, ஓவர்? இதோ டவருக்குக் கீழே மூணாவது பெஞ்சுல உட்கார்ந்திருக்காரே, ஓவர்.

— கொடுங்க அதை. வாட்ச்மேன், நான் பேசறேன். எத்தனை நாளா அவரைப் பார்க்கறீங்க?

— வணக்கம் மேடம், ஓவர். அதாவது, ரெண்டு மாசம் இருக்கும், ஓவர். காலையில வந்து பேப்பர் படிப்பார், ஓவர். பேனாவால அங்கங்கே வட்டம் போடுவார், ஓவர்.

— எதுக்கு வரிக்கு வரி ஓவர்?

— பேச்சு முடிஞ்சா ஓவர்னு சொல்லணும்னு சொல்லிக் கொடுத்தாங்க மேடம். அதாவது, எனக்கு எப்ப முடியும்னு தெரியறதில்ல. அதனால அப்பப்போ சொல்லி வெச்சுடறேன், ஓவர்.

— சரி, பேப்பர் படிச்சுட்டு?

— ஒரு மணிக்கு டப்பாவைத் திறப்பார். மணி அடிச்ச மாதிரி. சாப்பிட்டுட்டுக் குழாய்ல டப்பாவைக் கழுவி, கைக்குட்டையால துடைச்சு, பையில வெச்சுடுவார். ஒரு பருக்கை கீழே விழாது மேடம். சில நாள் அவருக்குப் போன் வரும், ஓவர்.

— யாரு, கண்டக்டரா பேசறது, இப்படி எழுது அப்படி எழுதுன்னு?

— இல்ல மேடம், அவரோட பொண்ணு போல. போன் வந்ததும் எழுந்து நிப்பார். சட்டையை இழுத்து விட்டுக்குவார். "அப்பா மீட்டிங்ல இருக்கேம்மா, சாயங்காலம் பேசறேன்"னு சொல்லிட்டு உட்கார்ந்துடுவார், ஓவர்.

— மீட்டிங்கா! யாரோட மீட்டிங்?

— பெஞ்சுல அவரும் ஒரு அணிலும்தான் மேடம், ஓவர்.

— நல்லாருக்கு! நல்லாருக்கு! அணிலோட மீட்டிங். தீர்மானம் ஏதாவது நிறைவேத்தினாங்களா?

— சிரிக்காதீங்க மேடம். எனக்குப் புரிஞ்சு ரொம்ப நாள் ஆச்சு. வேலை போன ஆள். வீட்டுல சொல்லலை. காலையில டிரெஸ் பண்ணிக்கிட்டு, சாப்பாடு கட்டிக்கிட்டு, ஆபீஸுக்குப் போறேன்னு கிளம்பி இங்கே வந்து இறங்கறார். பஸ்ஸுலயே இப்படி எத்தனை பேரைப் பார்த்திருக்கேன். கடைசி ஸ்டாப்புல இறங்காம, "இன்னொரு டிரிப் இருந்துக்கறேன்"னு ஜன்னலைப் பார்த்துக்கிட்டே உட்கார்ந்திருப்பாங்க.

— அப்படியே வெச்சுக்கிட்டாலும், அந்த ஆளை விடுங்க. அந்த வீட்டுல ஒருத்தி இருப்பா இல்ல, அவளை நினைச்சாத்தான் எனக்கு ஆச்சரியமா இருக்கு. எட்டு வாரமா புருஷன் எங்கே போறான், எங்கேர்ந்து வர்றான்னு தெரியாம ஒருத்தி கண்ணைத் திறந்துக்கிட்டே தூங்குவாளா?

— தெரியலையோ, தெரியாத மாதிரி இருக்காங்களோ.

— நானா இருந்தா முதல் நாளே முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிச்சிருப்பேன். என் வேலையே அதுதானே. ஆயிரம் வரியில தப்பான ஒண்ணு எங்கே ஒளிஞ்சிருக்குன்னு வாசனையிலயே சொல்லிடுவேன்.

— வாசனை பிடிச்சுத்தானே நாப்பத்தாறு தடவை அந்த மனுஷனை அழிச்சீங்க.

— அது கம்ப்யூட்டர்.

— அழிக்கட்டுமான்னு கேட்டிருக்குமே மேடம். ஆமான்னு தட்டின விரல் யாரோடது?

— ஹலோ, டவர் பேசறேன். அதாவது மேடம், அவரைக் கூப்பிட்டுக் கீழே அனுப்பட்டுமா? உங்களுக்கும் வேலை சீக்கிரம் முடியும், ஓவர்.

— நல்ல யோசனை. தலைமை ஆபீஸ்லேர்ந்து மேடம் வந்திருக்காங்க, ஒரு கருத்துப் படிவம் நிரப்பணும், பத்து நிமிஷம்தான்னு சொல்லுங்க. என் கண் முன்னாடி அந்த ஆள் படிவத்தை நிரப்பட்டும், நான் நம்பறேன்.

— சொல்லிட்டு வர்றேன், ஓவர்.

— நம்புவீங்க இல்ல மேடம்? அப்புறம் வாக்கு மாறக் கூடாது.

— எனக்கு எண்ணு மேல காதலும் இல்ல, கோபமும் இல்ல. இருந்தா இருக்கு, இல்லைன்னா இல்ல. என் வீட்டுக்காரர் ஒரு கம்பெனியில இருபத்தேழு வருஷமாக் கணக்கு எழுதறார். அவர் எழுதின தாள்ல ஒரு அடித்தல் திருத்தல் நான் பார்த்ததில்ல. கணக்குன்னா அப்படி இருக்கணும்.

— சாரை ஒரு நாள் இங்கே கூட்டிட்டு வாங்களேன் மேடம். நல்ல காத்து வரும்.

— அவருக்கு ஏது நேரம்? கிழக்கு வாசல், கிழக்கு வாசல்னு தினம் ராத்திரி சாப்பிடும்போது நான் புலம்பறதைக் கேட்டுக் கேட்டே அவருக்குச் சலிச்சுப் போயிருக்கும். ஆள் நடமாட்டமே இல்லாத இடம், தெரிஞ்ச முகம் ஒண்ணு எட்டிப் பார்க்காதுன்னு சொல்வேன். தட்டைப் பார்த்துக்கிட்டே ம் ம்னு கேட்டுக்குவார். பொறுமைசாலி.

— ஹலோ... ஹலோ கீழ்வாசல்... ஓவர்.

— என்னப்பா மூச்சு வாங்குது?

— அதாவது, ஒரு மாதிரி ஆயிடுச்சு, ஓவர். அவர்கிட்டப் போய்ச் சொன்னேன். எந்த மேடம்னு கேட்டார். அதாவது, போன சீசன்ல நீங்க ஒரு தடவை வந்தீங்க இல்ல மேடம், அதை வெச்சு, உயரமா இருப்பாங்க, கண்ணாடி போட்டிருப்பாங்க, குரல் கொஞ்சம்... அதாவது, தூரத்துலயே கேட்கும்னு சொன்னேன், ஓவர்.

— என் குரலைப் பத்தி அப்புறம் பேசிக்கலாம். அவர் என்ன சொன்னார்?

— ஒண்ணும் சொல்லலை மேடம். மடிச்ச பேப்பரைத் திருப்பிப் பிரிச்சார், திருப்பி மடிச்சார். அப்புறம், வெளியே போறதுக்கு வேற வழி இருக்கான்னு கேட்டார், ஓவர்.

— ஓஹோ!

— இல்லைன்னேன். வேலியைத் தாண்டலாமான்னு கேட்டார். அப்புறம் ஷூவைப் பார்த்துட்டு, வேணாம்னு அவரே சொல்லிக்கிட்டார், ஓவர்.

— கேட்டீங்களா கண்டக்டரே? ஒரு படிவத்துக்குப் பயந்து வேலி தாண்டற வருகையாளர்! யாரு அது, உங்க சித்தப்பாவா, ஒண்ணுவிட்ட அண்ணனா? தினம் வந்து தலையைக் காட்டிட்டுப் போன்னு ஏற்பாடு பண்ணி வெச்சிருக்கீங்க. வாசல் மூடாம இருக்கறதுக்கு ஆள் சேர்ப்பு!

— என் சொந்தக்காரங்க ஒருத்தராவது காலையில ஒம்பது நாப்பதுக்கு எழுந்து பல் தேய்ச்சதா யாராவது சாட்சி சொல்லட்டும் மேடம், நான் நாளைக்கே ஊரை விட்டுப் போயிடறேன்.

— அப்ப எதுக்கு ஒளியறார்?

— எதுக்கா? வேலை போனதை வீட்டுலயே சொல்ல முடியாதவர் தலைமை ஆபீஸ்ல வந்து சொல்வாரா? உங்க படிவத்துல நாலாவது கேள்வி என்ன? தொழில். நாம கேட்கறது ஒரு கட்டம். அவருக்கு அது பள்ளம்.

— வசனம் பேசாதீங்க.

— வசனம் இல்ல மேடம். ஒரே ஒரு நாள்தான் அவர் என்கிட்ட நின்னு பேசினார். அவர் வர ஆரம்பிச்சு மூணாவது வாரம்னு நினைக்கறேன். பேய் மழை. அன்னைக்கு இந்த வாசலுக்கு ஒரு ஈ எறும்பு வரலை, அவர் மட்டும் வந்தார். இந்தத் தகரத்துக்குக் கீழே ஒதுங்கி நின்னார். என் கையில விரலால அழுத்தி எண்ணற இந்தக் குட்டி மெஷினைப் பார்த்துட்டு, "என்னை எண்ணிட்டீங்களா"ன்னு கேட்டார்.

— சரி.

— "வந்த உடனே எண்ணிட்டேன் சார்"னேன். அவர் சிரிச்சார். "நல்லதுங்க. எங்கயாவது ஒரு இடத்துல கணக்குல இருக்கேனே"ன்னார். சொல்லிட்டுக் குடையை விரிச்சுக்கிட்டுப் போயிட்டார். நான் அவர் போறதையே பார்த்துக்கிட்டு இருந்தேன். அந்த வரியும் உங்க நாப்பத்தாறுல ஒண்ணு மேடம்.

— எனக்கு எப்படித் தெரியும்? எனக்கு வர்றது நேரமும் எண்ணும்தான்.

— தெரியாதுதான். நான் குத்தம் சொல்லலை. இல்ல, கொஞ்சம் சொல்றேன்.

— மணி அஞ்சு பத்து ஆச்சு. எங்கே உங்க சூரியன்?

— ஹலோ, டவர் பேசறேன். கிளம்பிட்டார், ஓவர். அதாவது, ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார். அப்புறம் குழாய்ல முகம் கழுவினார், தலை சீவினார், எழுந்து போயிட்டார். போகும்போது எனக்குக் கை கொடுத்தார் மேடம். இத்தனை நாள்ல இன்னைக்குத்தான் கை கொடுத்தார், ஓவர்.

— இன்டர்வியூவுக்குப் போற மாதிரி இல்ல வர்றார். சரி கண்டக்டரே, நான் கொஞ்சம் மரியாதையாவே கேட்கறேன், போதுமா? அந்தப் படிவத்தை எடுங்க.

— இந்தாங்க. பேனா? உங்ககிட்ட இருக்கு. ரைட்டு. அதோ வளைவுல குடை தெரியுது பாருங்க. மழையும் இல்ல, வெயிலும் இல்ல, ஆனாலும் குடை. முகத்தை மறைச்சுக்கிட்டு வர்றார் பாவம். அஞ்சு இருபது! முதல் தடவையா லேட் மேடம், எழுதிக்குங்க, இனிமே கம்ப்யூட்டர் நகல்னு சொல்லாது.

— கூப்பிடுங்க.

— சார்! சார், இந்தப் பக்கம்! பயப்படாதீங்க, குடையை மடக்குங்க. இவங்கதான் எங்க மேடம். நீங்க கிடையவே கிடையாதுன்னு தலைமை ஆபீஸ்ல அடிச்சுச் சொன்னவங்க. மேடம், இதோ உங்க நகல். வேணும்னா தொட்டுப் பார்த்துக்குங்க.

— வணக்கம்.

— வணக்கம்கறார் மேடம்.

— கேட்டுச்சு.

— என்ன மேடம், தூரத்துலயே கேட்கற குரல் பக்கத்துலயே கேட்க மாட்டேங்குது? உட்காருங்க சார். ஸ்டூல் ஆடும், விழாது. மேடம், பேனாவைத் தலைகீழாப் பிடிச்சிருக்கீங்க.

— ...குழுவில் எத்தனை பேர்?

— ஒருத்தர்தான்.

— வயது?

— அம்பத்திமூணு. போன மாசம் ஆச்சு. அன்னைக்கும் இங்கேதான் இருந்தேன்.

— எத்தனை முறை வந்திருக்கிறீர்கள்?

— இன்னைக்கோட நாப்பத்தெட்டு.

— ரைட்டு! கேட்டீங்களா மேடம்? நாப்பத்தேழு என் புத்தகத்துல, இன்னைக்கு ஒண்ணு. நானும் அவரும் ஒரு தடவைகூடப் பேசி வெச்சுக்கலை. எண்ணு எப்படிப் பொருந்துது பாருங்க!

— தொழில்?

— எட்டு வாரத்துக்கு முன்னாடி வரைக்கும் கணக்கு எழுதிக்கிட்டிருந்தேன். கம்பெனியை வேற ஊருக்கு மாத்திட்டாங்க. அங்கே கணக்கை எல்லாம் மெஷினே பார்த்துக்குமாம். ஒரு திங்கட்கிழமை போனேன், என் மேஜை மேல வேற யாரோட அட்டைப் பெட்டியோ இருந்தது. நானும் என் டப்பாவை எடுத்துக்கிட்டு வந்துட்டேன்.

— அட, நீங்களும் நம்ம கட்சியா சார்! சொல்லியிருந்தா தினம் டீ வாங்கிக் கொடுத்திருப்பேனே. மேடம், எழுதுங்க, ஏன் நிறுத்திட்டீங்க?

— கண்டக்டரே, அந்தப் பேப்பரைக் கொடுங்க.

— எது, நான் கையெழுத்துப் போட வேண்டியதா? இதோ. அய்யய்யோ, என்ன மேடம் கிழிக்கறீங்க! டைப் அடிச்ச பேப்பர்!

— நாப்பத்தாறு வரியும் திரும்ப ஏறும். இன்னைக்கு வந்ததையும் சேர்த்துப் போடுங்க. வாசல் மூடாது.

— மேடம், நீங்க நல்லா இருக்கணும்! வாட்ச்மேன், கேட்டுச்சா? வாசல் மூடலையாம்!

— கேட்டுச்சு, ஓவர். அதாவது, நீங்க பட்டனை விடவே இல்ல, எல்லாமே கேட்டுச்சு, ஓவர்.

— அதை அணைங்க கண்டக்டரே.

— அணைச்சுட்டேன். நீங்க கேளுங்க மேடம், பாக்கிக் கேள்வி.

— ...இந்த இடத்தைப் பற்றி எப்படித் தெரிந்துகொண்டீர்கள்?

— ராத்திரி சாப்பிடும்போது ஒருத்தங்க சொல்வாங்க. ஆள் நடமாட்டமே இல்லாத இடம், தெரிஞ்ச முகம் ஒண்ணு எட்டிப் பார்க்காதுன்னு. அவங்க சொன்னா தப்பா இருக்காது. நம்பி வந்தேன்.

— வருகையின் நோக்கம்?

— காலையில வீட்டை விட்டுக் கிளம்பினா எங்கயாவது போய்ச் சேரணும் இல்லையா?

— "இதர"ன்னு போடுங்க மேடம், இதுக்கெல்லாம் கட்டம் கிடையாது.

— சொல்லணும்னு ஒரு நாள்கூடத் தோணலையா?

— இது எத்தனாவது கேள்வி மேடம்?

— தோணாம என்ன? தினமும் பஸ்ஸுல போகும்போது வார்த்தையை அடுக்கி வெச்சுக்குவேன். வீட்டுக்குப் போனா, அவங்களும் அப்பத்தான் களைச்சு வந்திருப்பாங்க. இன்னைக்கு எத்தனை தப்பு கண்டுபிடிச்சேன் தெரியுமான்னு ஆரம்பிப்பாங்க. இன்னொரு தப்பை எதுக்கு அந்தத் தட்டுல வைக்கணும்னு சாப்பிட்டு எழுந்துடுவேன்.

— அப்படி ஒரு ராட்சசியா சார் வீட்டுல? இருக்கட்டும் சார், தைரியமாப் பேசுங்க. எங்க மேடமே இப்பத்தான் சொல்லிக்கிட்டிருந்தாங்க, நானா இருந்தா முதல் நாளே முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிச்சிருப்பேன்னு.

— ராட்சசி இல்லைங்க. நல்லவங்க. வேலை அதிகம். தினம் காலையில என் டப்பாவைக் கட்டறதே அவங்கதான். ஒரு நாள் தவறினதில்ல.

— மேடம், கண்ணுல தூசி விழுந்துடுச்சா? இந்த ஃபேனை அணைக்கட்டுமா?

— வேணாம். இன்னும் ஒரு கேள்வி இருக்கு. உங்க வீட்டுல இது தெரியுமா?

— மேடம், இந்தக் கேள்வி படிவத்துலயே இல்லையே! சார், இஷ்டம் இல்லைன்னா நீங்க பதில் சொல்ல வேணாம், விதியில இடம் இருக்கு.

— பரவாயில்லைங்க, சொல்றேன். ஒரு பத்து நிமிஷமாத் தெரியும்.